சமாதானமாகப் போ என்றால் வாயை மூடிக்கொள் என்று பொருளா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது வேத விளக்கம் பற்றியது. சமாதானப் பிரபு என்று அழைக்கப்படுகிறவர் ‘சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்’ என்று எப்படிச் சொன்னார்? யோசுவாவின் புத்தகத்தில் ஊர் ஊராக அழிக்கச் சொல்லும் கடவுளும் இவரும் ஒருவர்தானா? ஆனால் இதற்கு நடுவில் நாலே வரியில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுச்சென்ற தேயிலை நிலம். மேட்டில் இருக்கும் ஊற்று இருவருக்கும் பொது என்று அவர் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லியிருந்தும், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சாதித்து உங்கள் குழாயை அறுத்துவிட்ட அண்ணன். சபையில் முறையிட்டபோது கிடைத்த பதில்: ‘சமாதானமாகப் போங்கள், அதுதான் சாட்சி.’ ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: வேதம் சொல்லும் சமாதானம் என்பது, இழந்தவன் வாயை மூடிக்கொள்வதா? கடைசியாக, இந்த மனநிலையில் திருவிருந்து (ஆராதனையில் அப்பமும் ரசமும்) எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இறையியல் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எபிரேயமும் கிரேக்கமும் படிக்கத் தெரியும். நடுவில் ஓராண்டு களப்பணிக்காக நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துச் சபை ஒன்றில் இருந்தேன். இன்னும் அபிஷேகம் பெறாதவள், சட்டம் படிக்காதவள். உங்கள் அண்ணன் பக்கத்துக் கதையையும் நான் கேட்கவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பட்டயத்தை, அதாவது வாளை, முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் சந்தேகம் குறைவு. மத்தேயு 10ஆம் அதிகாரம் முழுவதும் இயேசு பன்னிரண்டு பேரை ஊர்களுக்கு அனுப்பும்போது சொன்னவை. அதே அதிகாரத்தின் 10ஆம் வசனத்தில், வழிக்குத் தடிகூட எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். கையில் கம்பு இல்லாமல் போகச் சொன்னவர்களிடம் வாளை எடுக்கச் சொல்லியிருக்க முடியாது. பட்டயம் வரும் 34ஆம் வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே மகனுக்கும் தகப்பனுக்கும், மகளுக்கும் தாய்க்கும், மருமகளுக்கும் மாமிக்கும் பிரிவினை வரும் என்று மீகா 7:6ஐ எடுத்துச் சொல்கிறார். லூக்கா இதே சொல்லைத் தரும்போது (12:51) பட்டயம் என்ற வார்த்தையே இல்லை, ‘பிரிவினை’ என்றுதான் இருக்கிறது. அதாவது, என் பின்னால் வருவதால் உங்கள் வீட்டிலேயே வெட்டு விழும் என்ற எச்சரிக்கை அது. வெட்டச் சொல்லும் கட்டளை அல்ல. இயேசுவைப் பிடிக்க வந்த இரவில், கெத்செமனேயில் ஒரு சீடன் உண்மையாகவே வாளை உருவியபோது, உறையில் போடச் சொன்னதையும் மத்தேயுவே எழுதுகிறார். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் சீடர்கள் இயேசுவிடம் காட்டும் இரண்டு பட்டயங்கள் அவ்வளவு எளிதல்ல. ‘போதும்’ என்று அவர் சொன்னது எண்ணிக்கையையா, அல்லது இந்தப் பேச்சு போதும் என்ற சலிப்பையா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இரண்டு வாளை வைத்துக்கொண்டு ரோமப் படையை யாரும் எதிர்க்கப் போவதில்லை.

யோசுவா புத்தகத்தைப் பற்றி இவ்வளவு துணிச்சலாகப் பேச என்னால் முடியாது. அந்தப் புத்தகமே தன்னோடு தான் வாதாடுகிறது என்பது உறுதி. 11ஆம் அதிகாரம் தேசம் முழுவதையும் பிடித்தாகிவிட்டது என்று முடிகிறது. 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் பிடிக்க வேண்டிய தேசம் இன்னும் மிக விஸ்தாரமாய் மீதியிருக்கிறது என்கிறது. நியாயாதிபதிகள் முதல் அதிகாரமோ துரத்தப்படாமல் இஸ்ரவேலரோடு சேர்ந்து வாழ்ந்த மக்களை ஊர் பெயரோடு அடுக்குகிறது. 1950களில் எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த நகரம் யோசுவாவின் காலம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவதற்கு வெகு முன்பே அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். இவற்றை வைத்து, ‘முழு அழிவு’ என்பது பழங்கால வெற்றிக் கதைகளின் பேச்சு வழக்கு என்று பலர் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் வரலாற்றுச் சிக்கலைக் கொஞ்சம் தளர்த்துகிறது, மனச்சாட்சியின் சிக்கலைத் தளர்த்தவில்லை. அப்படி நடக்கவில்லை என்றாலும், கடவுள் அப்படிச் சொன்னார் என்று எழுதி வைத்தார்களே. சிலுவையில் தன்னைக் கொன்றவர்களுக்காக ஜெபித்தவரை வைத்துத்தான் யோசுவாவை வாசிக்க வேண்டும், யோசுவாவை வைத்து அவரை அல்ல என்று நம்புகிறேன். அது என் விசுவாசம், நிரூபணம் அல்ல.

இனி உங்களுடைய உண்மையான கேள்விக்கு வருகிறேன். ‘சமாதானம்’ என்ற சொல் நம் வாயில் தேய்ந்துவிட்டது. தப்புச் செய்தவன் சாக்குச் சொன்னால் ‘சமாதானம் சொல்லாதே’ என்கிறோம். கோர்ட்டுக்குப் போனவர்கள் பாதி வழியில் விட்டுக்கொடுத்தால் ‘சமாதானமாகப் போய்விட்டார்கள்’ என்கிறோம். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம், அதாவது அழுகையை நிறுத்துகிறோம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘அமைதி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அதற்கும் நம் காதில் முதலில் கேட்கும் பொருள் சத்தமின்மைதான். ஆசிரியர் வகுப்பில் ‘அமைதி’ என்றால் பேசாதே என்றுதானே பொருள். ஆக, ஆலயத்தில் இந்தச் சொற்களைக் கேட்கும் எவரும், பேசாமல் இரு என்று சொல்கிறார்கள் என எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

எபிரேயத்தில் உள்ள ‘ஷாலோம்’ இதைவிட அகலமானது. யோசேப்பு தன் சகோதரரிடம் ‘உங்கள் தகப்பன் சுகமாயிருக்கிறாரா’ என்று கேட்பது ஷாலோம்தான். அரசன் தாவீது தன் போர்வீரன் உரியாவிடம் போர் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கிற இடத்தில் (2 சாமுவேல் 11:7) மூலத்தில் இருப்பது, சொல்லுக்குச் சொல், ‘போரின் ஷாலோம்’. சண்டை இல்லாமை என்ற பொருள் மட்டும் இருந்தால் அப்படிக் கேட்கவே முடியாது. குறைவில்லாமல், உடையாமல், இருக்க வேண்டியது இருக்கும் இடத்தில் இருப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் திருடியவனும், அடுத்தவன் வயலில் மாட்டை மேயவிட்டவனும் ‘பதிலுக்குக் கொடுக்கக்கடவன்’ என்று வருகிறதே, அந்த வினைச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. என் முதல் ஆண்டில் இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், ஷாலோம் என்றாலே இழப்பீடுதான் என்று ஒரு பிரசங்கம் எழுதிக்கொண்டு போனேன். வேர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது, வாக்கியம்தான் பொருளைத் தீர்மானிக்கும் என்று எபிரேய ஆசிரியர் திருத்தினார். அவர் சொன்னது சரி. அதனால் வேரை விட்டுவிடுகிறேன். ஆனால் எரேமியாவை விட முடியாது. ‘சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம்’ என்று சொல்லி மக்களின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிற தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும் அவர் 6ஆம் அதிகாரத்தில் ஒரு முறையும் 8ஆம் அதிகாரத்தில் மறுமுறையும் கடிந்துகொள்கிறார். மேற்பூச்சு என்ற அந்தத் தமிழ்ச் சொல்லுக்காகவே பழைய மொழிபெயர்ப்பை நான் விரும்புகிறேன்.

உங்களுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் கதை ஆதியாகமம் 26ஆம் அதிகாரம். தண்ணீர்த் தகராறுதான். ஈசாக்கின் தகப்பன் வெட்டிய துரவுகளை, அதாவது கிணறுகளை, பெலிஸ்தர் மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ‘எங்களை விட்டுப் போய்விடு’ என்று அரசன் அபிமெலேக்கே சொல்லிவிடுகிறான். ஈசாக்கு தள்ளிப்போய் ஒரு துரவு வெட்டுகிறான்; ‘தண்ணீர் எங்களுடையது’ என்று வருகிறார்கள். விட்டுவிட்டு இன்னொன்று வெட்டுகிறான், அதற்கும் சண்டை. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. இந்தக் கதையை ‘விட்டுக்கொடுத்துப் போனான், கர்த்தர் ஆசீர்வதித்தார்’ என்று பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அவன் அந்தத் துரவுகளுக்கு வைத்த பெயர்களைக் கவனியுங்கள். முதலாவது ஏசேக்கு, வாக்குவாதம். இரண்டாவது சித்னா, பகை. அவன் கையை ஓங்கவில்லை. ஆனால் நடந்ததைப் பெயராகவே பதித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்த வழியில் தண்ணீர் சேந்த வந்த ஒவ்வொருவரும் அந்த அநியாயத்தின் பெயரைச் சொல்லித்தான் துரவைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

பிறகு அபிமெலேக்கு தன் படைத்தலைவனோடு உடன்படிக்கை கேட்டு வருகிறான். ஈசாக்கு எழுந்து ஓடிப்போய் வரவேற்கவில்லை. ‘ஏன் என்னிடத்தில் வந்தீர்கள்? நீங்கள் என்னைப் பகைத்து, என்னை உங்களிடத்தில் இராதபடிக்குத் துரத்திவிட்டீர்களே’ என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறான். அதற்கு அபிமெலேக்கு சொல்லும் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது: நாங்கள் உனக்கு நன்மையையே செய்து, உன்னைச் சமாதானத்தோடே அனுப்பிவிட்டோம். துரத்தியவனின் வாயில் ஷாலோம்! இரண்டே வசனம் தள்ளி, விருந்துக்கும் ஆணைக்கும் பிறகு, அவர்கள் ஈசாக்கை விட்டுச் ‘சமாதானத்தோடே’ போனார்கள் என்று அதே சொல் மறுபடி வருகிறது. ஒரே சொல்தான், ஒன்று பொய், ஒன்று மெய். இரண்டுக்கும் நடுவில் ஈசாக்கு வாய் திறந்து சொன்ன உண்மை நிற்கிறது. என் வாசிப்பு இதுதான்: வேதம் காட்டும் சமாதானத்துக்கு உண்மையைச் சொல்வது தடை அல்ல, அதுதான் வாசற்படி.

ஆனால் இந்தக் கதையை எனக்கு வசதியாக வளைக்கவும் கூடாது. அபிமெலேக்கு தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. இருந்தும் ஈசாக்கு விருந்து வைத்தான். மன்னிப்புக் கேட்டால்தான் சமாதானம் என்று இந்தப் பகுதியைக் காட்டி உங்களால் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், ஈசாக்குக்கு நகர்ந்துபோக இடம் இருந்தது. மூன்றாவது துரவுக்கு அவன் வைத்த பெயர் ரெகொபோத், விசாலம். உங்களுக்கு அந்தச் சரிவில் சில சென்ட் நிலமும் ஒரே ஓர் ஊற்றும்தான். ரெகொபோத் இல்லாதவனிடம் ரெகொபோத்துக்குப் போ என்று சொல்வது எளிது.

களப்பணிக் காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் பெரும்பாலானவர்கள் இலங்கையிலிருந்து வந்த, தாயகம் திரும்பியவர்கள் என்று அரசுக் காகிதங்கள் சொல்லும் குடும்பங்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். அந்த லட்சங்களில் யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அரசுகளுக்கும் அது நல்லுறவு. இவர்களுக்குத் தலைமன்னாரில் ஏறிய கப்பல். பிறகு அவர்களுக்கென்றே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து இங்கேயே வேர்விட்டார்கள். தங்கள் தலைக்கு மேல் செய்யப்படும் சமாதானம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பகிரும் முறை உங்களுக்குத் தெரியும். 1950இல் முதலில் பயன்படுத்தப்பட்ட அந்த முறைமையில், கிழக்கத்தியச் சபைகளின் பழைய வழக்கத்தை எடுத்துச் சேர்த்தார்கள். குருவானவரிடமிருந்து கை மாறி வரிசை வரிசையாகப் பின்னால் வரும். தருகிறவரின் வலது உள்ளங்கை பெறுகிறவரின் வலது உள்ளங்கையில் படிய, இருவரின் இடது கைகளும் மேலே மூடிக்கொள்ளும். ரோமன் கத்தோலிக்கத் திருப்பலியில் இது நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது. நம் முறையில் காணிக்கை படைப்பதற்கு முன்னால். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரம்தான் அந்த இடத்தில் எனக்குக் கேட்கிறது.

ஒரு ஞாயிறு காலை, தகரக் கூரையில் மழை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் கம்பளியைப் போர்த்தியபடி ஒரு பாட்டி. அவருடைய ஓர்ப்படி சமாதானத்தைக் கைகளில் ஏந்தி அவர் பக்கம் திரும்பினார். பாட்டி கைகளை மடியிலேயே வைத்திருந்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், ஒன்றோடொன்று கோத்தபடி. முகத்தில் கோபம் இல்லை. தலையை மட்டும் லேசாக இல்லை என்று அசைத்தார். பெஞ்சில் சமாதானம் அப்படியே நின்றது. பின்னால் இருந்தவர்களுக்கு அது வேறு வழியாகச் சுற்றிப் போனது.

மறுநாள் தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த அவருடைய லயன் வீட்டுக்குப் போனேன். பாடத்தில் படித்ததையெல்லாம் சொல்லி அவரைத் திருத்திவிடலாம் என்ற எண்ணம்தான் எனக்கு. கணவர் இறந்த பிறகு வந்த பணிக்கொடைப் பணத்தில் கொழுந்தனார் கடன் வாங்கியிருக்கிறார். திருப்பிக் கேட்டபோது வாங்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். “பணம் போனால் போகட்டும் பாப்பா. வாங்கவில்லை என்று சொன்னானே, அதை வைத்துக்கொண்டு எப்படிக் கையை நீட்டுவேன்? கையில் வாங்கினால் வாங்கியதுதான். கர்த்தர் முன்னால் பொய்யாக வாங்க எனக்குத் தெரியாது” என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சபையில் சமாதானத்தை அவரைவிட மதித்தவர் வேறு யாராவது இருந்தார்களா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். நாங்கள் எல்லாரும் அதை ஒரு கைகுலுக்கலாக நினைத்து வேகமாக முடித்துக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு மத்தேயு 5:23ஐ மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுவந்தால் போ என்கிறது வசனம். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. எழுந்து நடக்க வேண்டியவன், மற்றவனுக்குக் குறை வைத்தவன். நம் சபைகளில் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். குறைப்பட்டவனைக் கூப்பிட்டு நீ போ என்கிறோம். குறைப்பட்டவனுக்கு மத்தேயு 18:15 வேறு வழி வைத்திருக்கிறது: அவனிடம் தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். (அந்த வசனத்தில் ‘உனக்கு விரோதமாய்’ என்ற சொற்கள் மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஆனாலும் நடைமுறை மாறவில்லை.) நீங்கள் சபைக்குச் சொன்னது கலகம் அல்ல, கட்டளையைப் பின்பற்றியது.

உங்களுக்கு எதிராகக் காட்டப்படும் வசனம் 1 கொரிந்தியர் 6:7. ‘ஏன் நீங்கள் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை’ என்று பவுல் கேட்கிறார். அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. வழக்குப் போடும் முன் ஒரு கிறிஸ்தவன் அந்த வசனத்தின் முன் கொஞ்ச நேரம் உட்காரத்தான் வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு வசனம் முன்னால், சகோதரருடைய வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று சபையைப் பார்த்துக் கேட்கிறார். அடுத்த வசனத்தில், சகோதரருக்கே அநியாயம் செய்கிறீர்கள் என்று அபகரிப்பவனைக் கடிகிறார். நடுவில் இருக்கும் ஒரு வரியை மட்டும் பிடுங்கி இழந்தவனிடம் கொடுப்பது பவுலுக்குச் செய்யும் அநியாயம். உங்கள் போதகரிடம் போய், விசாரியுங்கள் என்று கேளுங்கள். அன்று அப்பா சொன்னதைக் கேட்ட சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், குழாய் போன தடம் இருக்கிறது. அண்ணனையும் உட்கார வைத்து இவற்றைச் சபை மூப்பர்கள் கேட்கட்டும். ஊற்றின் உரிமை சட்டப்படி யாருக்கு என்பதை ஒரு வழக்கறிஞரிடமும், எல்லையை நில அளவையரிடமும் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்குப் போடுவது ஆகாது. அண்ணனை வெறுக்காமல் இதையெல்லாம் செய்ய முடியுமா என்பது உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ரோமர் 12:18 ‘கூடுமானால், உங்களாலானமட்டும்’ என்றுதான் தொடங்குகிறது. உங்களால் ஆவதற்கு ஓர் எல்லை உண்டு என்று பவுலுக்குத் தெரிந்திருக்கிறது.

திருவிருந்து எடுக்கலாமா என்ற கேள்விக்கு, சபைகளுக்குள் ஒரே பதில் இல்லை. கண்டிப்பான போதகர் ஒருவர் பொறுத்திரு என்று சொல்லக்கூடும். நான் உங்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள்பேரில் அண்ணனுக்கு நியாயமான குறை ஏதாவது உண்டா? அப்பாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது யார், செலவு செய்தது யார், சண்டையில் நீங்கள் சொன்ன சொல் என்ன? அப்படி ஏதாவது நினைவுக்கு வந்தால், ஊற்றுப் பேச்சை எடுக்காமல், அதற்காக மட்டும் ஒரு முறை அவர் வீட்டுப் படியேறுங்கள். பிறகு தயங்காமல் எடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி சமாதானத்தைக் கையில் வாங்கவில்லை. ஆனால் வரிசை வந்தபோது முன்னால் போய் முழங்காலிட்டார். போதகர் ஒரு கணம் நின்றார். பெஞ்சில் நடந்ததை அவரும் பார்த்திருந்தார். பிறகு குனிந்து அவருடைய உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். இரண்டு பேர் பக்கத்தில், அதே வரிசையில், கொழுந்தனாரும் கை நீட்டிக் காத்திருந்தார்.